பெரிய தொகையில் கெட்டி, சில்லறையில் கோட்டை விடும்: வங்கிக் கணக்கு அலசும் மென்பொருள் எப்படி?

ஐந்துக்கு மூன்றரை போடுவேன். வங்கிக் கணக்கு அலசும் இந்த மென்பொருளை வாங்கலாமா என்று மதுரையிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் ஆடிட்டர் நண்பர்கள் போன் போட்டுக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை வற்றிவிட்டது, அதனால் எழுதிவிடுகிறேன். பெயரைச் சொல்லப் போவதில்லை. வாங்குவதற்கு முன் வேறு இரண்டு மூன்றையும் ஓட்டிப் பார்த்தோம், எல்லாம் கிட்டத்தட்ட ஒரே வார்ப்புதான். கீழே சொல்லும் நல்லதையும் கெட்டதையும் வைத்துக்கொண்டு எந்த நிறுவனத்துக்காரர் வந்து டெமோ காட்டினாலும் கேள்வி கேட்கலாம்.

என்னைப் பற்றி ஒரு வரி. வங்கியில் கிளை மேலாளராக இருந்து விருப்ப ஓய்வு வாங்கியவள். இப்போது நாகர்கோவிலில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் இருக்கிறேன். அதிக வட்டி தருகிறோம், சீட்டு நடத்துகிறோம், ஷேர் மார்க்கெட்டில் போட்டு இரட்டிப்பாக்கித் தருகிறோம் என்று ஊர்ப் பணத்தை வாங்கிக்கொண்டு கம்பி நீட்டியவர்களின் கணக்குகள் எங்களிடம் வரும். பணம் எங்கே போனது, இன்றைக்கு எந்தச் சொத்தாக நிற்கிறது என்று படித்துச் சொல்வது எங்கள் வேலை. கைது, சோதனை எல்லாம் அதிகாரிகள் பாடு. வழக்கு விவரங்களை அப்படியே எழுத முடியாது என்பதால் இடமும் தொகையும் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன்.

மென்பொருளுக்குள் போகுமுன் எங்களுக்கு என்ன தேவை என்று தெரிந்தால்தான் குறை சொல்வது நியாயமாக இருக்கும். பணம் கட்டி ஏமாந்தவருக்கு, ஓடிப்போனவர் ஜெயிலுக்குப் போவதைவிடத் தன் பணம் எப்போது வரும் என்பதுதான் கேள்வி. 1990-களில் நிதி நிறுவனங்கள் வரிசையாகக் கவிழ்ந்த பிறகு தமிழ்நாடு அரசு 1997-இல் முதலீட்டாளர் நலன் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. அதன்படி அரசு ஆணை போட்டு நிறுவனத்தின் சொத்தையும் அதை நடத்தியவர்களின் சொத்தையும் முடக்கலாம். முடக்கியது மாவட்ட வருவாய் அலுவலர் கையில் போகும். எங்கள் மாவட்ட வழக்குகள் மதுரைச் சிறப்பு நீதிமன்றத்துக்குப் போகின்றன. அங்கே உறுதியானால் ஏலம், பிறகு ஆளுக்குத் தக்கபடி பங்கு. அமலாக்கத் துறை எடுத்த வழக்கென்றால் தற்காலிக முடக்கம் 180 நாள்தான் நிற்கும், அதற்குள் உறுதி செய்ய வேண்டும். 2024 ஜூலை முதல் புதிய குற்ற நடைமுறைச் சட்டத்தின் 107-ஆம் பிரிவும் சேர்ந்திருக்கிறது. குற்றத்தில் வந்த சொத்து என்று நீதிமன்றம் முடிவு செய்தால், மாவட்ட ஆட்சியர் 60 நாளில் பாதிக்கப்பட்டவர்களுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். எந்த வழியில் போனாலும் முதலில் கேட்பது ஒன்றே: சொத்துப் பட்டியல் எங்கே? எந்த ரூபாய் எந்தச் சொத்தானது? அந்தப் பட்டியலுக்கு இந்த மென்பொருள் எவ்வளவு தூரம் உதவுகிறது என்பதுதான் என் அளவுகோல்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நிஜமாகவே நன்றாக இருக்கிறது.

கணக்கு அறிக்கையைப் பி.டி.எஃப் ஆகக் கொடுத்தால் எக்செல் அட்டவணையாக மாற்றித் தருகிறது. இதை முன்பு கையால் செய்துகொண்டிருந்தோம். தெரியாதவர்களுக்கு ஒரு தகவல்: எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கம்தான் பிடித்து வைக்கும். 16 இலக்கக் கணக்கு எண்ணை எண்ணாகவே ஒட்டினால் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும், சத்தமே வராது. நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் கையில் அது கிடைத்தால் போதும், அன்றைய பொழுது அவருக்கு. மென்பொருள் கணக்கு எண்ணை எழுத்தாகவே எடுத்துக்கொள்கிறது. இந்த ஒன்றுக்கே அரை நட்சத்திரம் தருவேன்.

அடுத்தது இருப்புச் சரிபார்ப்பு. ஒவ்வொரு வரியிலும் முந்தைய இருப்போடு வரவைக் கூட்டி, செலவைக் கழித்து, அச்சாகியிருக்கும் இருப்போடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறது. ஒத்துப்போகாத வரி சிவப்பில் வந்து நிற்கும். குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பிலிருந்து தாங்களாகவே முன்வந்து தரும் அறிக்கைகளில் இது பலமுறை கைகொடுத்தது. நடுவில் நாலு வரியை உருவியிருப்பார்கள், அல்லது ஒரு பூஜ்யத்தை அழித்திருப்பார்கள். கண்ணுக்குத் தெரியாது, கூட்டலுக்குத் தெரியும். வங்கியில் இருந்த காலத்தில் இரவு எட்டு மணிக்கு டே புக் டேலி ஆகாமல் உட்கார்ந்திருந்தவள் நான். பத்தாயிரம் வரியை டீ ஆறுவதற்குள் ஒருவர் சரிபார்த்துத் தருகிறார் என்றால் கும்பிடத்தான் தோன்றுகிறது.

பல கணக்குகளைச் சேர்த்துப் போட்டால், ஒரு கணக்கில் போன தொகை இன்னொரு கணக்கில் வந்ததா என்று தானே ஜோடி சேர்க்கிறது. நிறுவனக் கணக்கிலிருந்து மனைவி கணக்கு, அங்கிருந்து டிரைவர் கணக்கு, அங்கிருந்து மறுபடி நிறுவனம், இப்படிச் சுற்றி வரும் பணத்தைப் படமாக வரைந்து காட்டும். ரொக்கமாகக் கட்டும்போது பான் எண் கேட்பதைத் தவிர்க்க 50,000-க்குக் கீழே 49,000, 49,500 என்று உடைத்து உடைத்துக் கட்டுவது பழைய வித்தை. அதையும் தனியாகப் பொறுக்கி வைக்கிறது. எல்லாம் இணையம் இல்லாமல் நம் கணினிக்குள்ளேயே நடக்கிறது. யாரோ ஒருவருடைய வங்கிக் கணக்கை எங்கோ இருக்கும் சர்வரில் ஏற்றிவைத்து வேலை பார்க்கும் மென்பொருளை இந்த வேலைக்கு வாங்கவே கூடாது என்பது என் கட்சி. இது யூ.எஸ்.பி டாங்கிள் (பென் டிரைவ் மாதிரி ஒரு சாவி) செருகினால்தான் திறக்கும். டாங்கிளைப் பீரோ சாவியோடு கோத்து வைத்திருக்கிறோம்.

மின்னணு ஆவணத்தைச் சாட்சியமாகத் தர இப்போது புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும். அதில் கோப்பின் ஹாஷ் மதிப்பை, அதாவது கோப்பின் கைரேகை மாதிரியான ஓர் அடையாளத்தை, எழுத வேண்டும். மென்பொருள் கோப்பை உள்ளே எடுக்கும்போதே எஸ்.எச்.ஏ 256 என்ற வகை ஹாஷ் மதிப்பைக் கணக்கிட்டு அறிக்கையின் கீழே போட்டுவிடுகிறது. சின்ன விஷயம்தான், ஆனால் பெரிய நிம்மதி.

சரி, இப்போது வயிற்றெரிச்சல்.

நிறுவிய உடனே ஓட்டினால் மென்பொருள் 10,000 ரூபாய்க்குக் கீழே உள்ள செலவுகளை எல்லாம் அள்ளி ‘முக்கியமற்றவை’ என்று ஒரு பெட்டியில் போட்டு மூடிவிடுகிறது. படத்தில் வராது, சுருக்க அறிக்கையில் வராது. செய்தவர்கள் எண்ணம் புரிகிறது. கோடிகள் புரளும் கணக்கில் மளிகைக் கடை பில்லை யார் பார்ப்பார்கள்? ஆனால் சொத்து தேடுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியதே அந்தப் பெட்டிதான். சொத்தை வாங்கும்போது பினாமி பெயரில், ரொக்கத்தில், தடயம் இல்லாமல் வாங்கிவிடலாம். வாங்கிய பிறகு அதைப் பராமரிக்க வேண்டுமே. வீட்டுக்கு வரி, காருக்கு இன்சூரன்ஸ், லாக்கருக்கு வாடகை. இதையெல்லாம் வருடக்கணக்கில் ரொக்கமாகவே கட்டிக்கொண்டிருக்கும் பொறுமை யாருக்கும் கிடையாது. ஒரு நாள் சோம்பலில் போனை எடுத்து ஜிபேயில் கட்டிவிடுவார்கள்.

ஒரு வழக்கில் நிறுவனத்தை நடத்தியவர், மனைவி, மனைவியின் தாயார் மூவரின் கணக்குகளும் வந்தன. தாயார் கணக்கை மென்பொருள் பச்சை வண்ணத்தில் காட்டியது, அபாயம் குறைவு என்று. பார்த்தால் அப்படித்தான் இருந்தது. ஓய்வூதியம் வருகிறது, மருந்துக் கடை, போன் ரீசார்ஜ், கோயில் காணிக்கை. எங்கள் ஆபீஸில் ஆர்ட்டிகிள்ஷிப் (ஆடிட்டர் பயிற்சி) செய்யும் தம்பி கருங்கல் பக்கத்துக்காரன். சாயா குடித்துக்கொண்டே மூடிய பெட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

“அக்கா, இந்தப் பாட்டிக்கு எத்தன வீடு உண்டு?”

“ஏன் மக்களே?”

“மூணு கரண்ட் பில்லு கெட்டியிருக்கு.”

ஒன்று குடியிருக்கும் வீடு. இன்னொன்று அதே வீட்டு மாடி, தனி மீட்டர். மூன்றாவது, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஐயாயிரத்தை ஒட்டி, ஏற்ற இறக்கம் அதிகம் இல்லாமல் வருகிறது. தனியாக இருக்கும் ஒரு மூதாட்டி ஐயாயிரத்துக்கு மின்சாரம் எரிக்க மாட்டார். விசாரணை அதிகாரிக்குச் சொன்னோம். அவர் மின்வாரியப் பிரிவு அலுவலகத்துக்குக் கடிதம் கொடுத்து இணைப்பு எண்ணுக்கு உரிய பெயரும் முகவரியும் வாங்கினார். வணிக இணைப்பு. ரோட்டோரம் மூன்று கடைகள் கொண்ட கட்டடம். அங்கே போய் நின்றால் கிராம நிர்வாக அலுவலரிடம் சர்வே எண் கிடைக்கும், சர்வே எண் கிடைத்தால் வில்லங்கச் சான்று, வில்லங்கத்திலிருந்து பத்திர எண். பத்திரத்தில் வாங்கியவர் வளைகுடாவில் இருக்கும் ஒரு தம்பி முறைக்காரர், பவர் மூலமாக. பதிவான தேதி, நிறுவனக் கணக்கிலிருந்து பெரிய தொகைகள் ரொக்கமாக எடுக்கப்பட்டு இரண்டு வாரத்துக்குள். கடைக்காரர்கள் வாடகையைப் பாட்டியின் கையில் கொடுக்கிறார்கள். கரண்ட் பில்லை அவர் கட்டுகிறார்.

மென்பொருளின் படத்தில் அந்தப் பெரிய தொகைகள் ‘ரொக்கமாக வெளியேறியது’ என்று ஒரு சிவப்பு முட்டுச்சந்தில் போய் முடிந்திருந்தன. அதற்கு மேல் அதனால் போக முடியாது, குறை சொல்லவும் மாட்டேன். ஆனால் மறுமுனை அதே கோப்புகளுக்குள், அதே மென்பொருள் மூடிவைத்த பெட்டிக்குள் கிடந்தது என்பதுதான் என் வழக்கு.

இதற்கு நேர்மாறாகவும் ஒன்று சொல்ல வேண்டும். கரண்ட் பில் இல்லை என்பதால் வீடு இல்லை என்று எழுதிவிடாதீர்கள். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். பூட்டிக் கிடக்கும் வீட்டுக்குக் கட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. அதற்கு வேறு வரிகளைத் தேட வேண்டும்.

அப்படி நாங்கள் தேடும் வரிகளைச் சொல்கிறேன், மென்பொருள்காரர்கள் படித்தாலும் நல்லது. வங்கி லாக்கர் வாடகை வருடத்துக்கு ஒருமுறை, 18 சதவீத ஜி.எஸ்.டி.யோடு பிடிக்கப்படும். வருடம் முழுக்க ஒரே ஒரு வரிதான், ஆனால் அந்த வரி இருந்தால் எங்கோ ஒரு லாக்கர் இருக்கிறது. மென்பொருள் இதை ‘வங்கிக் கட்டணங்கள்’ என்று எஸ்.எம்.எஸ் கட்டணத்தோடு சேர்த்துவிடுகிறது. ஃபாஸ்டேக் ரீசார்ஜ் என்றால் வண்டி. வழங்கிய வங்கியிடம் கேட்டால் வண்டி எண் வரும், எந்த டோலைத் தாண்டியது என்றும் வரும். தன்னிடம் டூவீலர் மட்டும்தான் என்று எழுதிக் கொடுத்தவரின் டேக், திருப்பதிசாரத்தையும் நாங்குநேரியையும் மாதம் தவறாமல் தாண்டியிருக்கும். வண்டி எண்ணில் எங்கள் மாவட்டத்து டி.என். 74, 75 மட்டும் பார்க்கக் கூடாது. எல்லையைத் தாண்டினால் பாறசாலை கே.எல். 19, நெய்யாற்றின்கரை கே.எல். 20. நகைக்கடன் வட்டி கட்டினால் அடகில் நகை இருக்கிறது. ரப்பர் தோட்டத்துக்கு உரம் வாங்கினால் தோட்டம் இருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது பதிவுக் கட்டணம். பத்திரப் பதிவுக்கு இப்போது முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், மொத்தம் 9. கணக்கில் பதிவுத் துறைக்கு 1,80,000 போயிருந்தால் பத்திரத்தில் சொத்தின் மதிப்பு 20 லட்சம் என்று அங்கேயே கணக்குப் போட்டுவிடலாம். 2023 மார்ச்சில் அறிவித்த குறைப்புக்கு முன் இது 11 சதவீதம், அதனால் தேதியையும் பார்க்க வேண்டும். 2025 ஏப்ரல் முதல் 10 லட்சத்துக்குள் உள்ள சொத்தைப் பெண் பெயரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு. பெண்களுக்கு உதவ வந்த சலுகை. எங்கள் தொழிலில் எப்போதுமே பாதிச் சொத்து மனைவி பெயரில்தான் இருக்கும் என்பதால், இந்த எட்டு சதவீதக் கணக்கையும் போட்டுப் பார்க்கிறோம். மென்பொருளோ இந்தத் தொகையை ‘அரசுக் கட்டணம்’ என்று டிராஃபிக் அபராதத்தோடு ஒரே பையில் போடுகிறது. தொகையை 9-ஆல் வகுத்து நூறால் பெருக்கிக் காட்ட எவ்வளவு நேரமாகும்?

பெயர் சேர்ப்பு அடுத்த தலைவலி. ஒரே ஆள் பல விதமாக எழுதப்பட்டிருந்தால் ஒன்றாகச் சேர்க்கும் வசதி என்று விளம்பரத்தில் பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். வடக்கே நன்றாக வேலை செய்யலாம். இங்கே இனிஷியலை முன்னே போடுவார்கள், பின்னே போடுவார்கள், அப்பா பெயரை முழுதாகவும் எழுதுவார்கள். ஒரே தெருவில் நாலு செல்வராஜ் இருப்பார்கள். மென்பொருள் நாலு பேரையும் ஒரு செல்வராஜாக்கி அவர் கணக்கில் 60 லட்சம் ஏற்றிவிட்டது. அந்த அறிக்கை அப்படியே போயிருந்தால் ஒரு மேஸ்திரி வீட்டில் போய் நின்றிருப்பார்கள். நாங்கள் பெயர் சேர்ப்பை முழுதாக அணைத்துவிட்டோம். யூபிஐ முகவரியையும் கணக்கு எண்ணையும் வைத்துத்தான் ஆளைப் பிரிக்கிறோம்.

சந்தேகக் குறி போடும் பகுதியும் இந்த ஊருக்குப் பொருந்தவில்லை. சி.எஸ்.ஐ. சபை ஒன்றின் அசனப் பண்டிகைக் (சபை விருந்து) கணக்கு, ஒரு குற்றவாளி அதில் நன்கொடை கொடுத்திருந்ததால் எங்களிடம் வந்தது. சில வாரங்களில் நூற்றுக்கணக்கான பேரிடமிருந்து 500, 1,000 என்று வரவு, பிறகு அரிசிக் கடைக்கும் இறைச்சிக் கடைக்கும் பந்தல்காரருக்கும் மொத்தமாகச் செலவு, அதன்பின் அடுத்த வருடம் வரை அமைதி. மென்பொருள் பார்வையில் இது மோசடிக்காரர்கள் வாடகைக்கு எடுக்கும் கணக்கின் இலக்கணம் அப்படியே. கடுஞ்சிவப்பு. கோயில் கொடைக்கு வரி பிரிக்கும் கணக்கும் அதே கதிதான்.

விசைப்படகுக்காரர்கள் கணக்கு இன்னும் வேடிக்கை. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் மேற்குக் கடற்கரைத் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. சின்னமுட்டத்தில் கிழக்குக் கடற்கரைக் கணக்கு, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. ஒரே மாவட்டத்தில் இரண்டு தடைக்காலம். தடை முடிந்து படகு கடலுக்குப் போனதும் லட்சக்கணக்கில் ஏல வரவு. ‘செயலற்றிருந்த கணக்கில் திடீர் நடமாட்டம்’ என்று மென்பொருள் ஒவ்வொரு ஆகஸ்டிலும் அலறும். அதைக் கேட்டுக் கேட்டு, ஒரு சின்னமுட்டத்துப் படகு உரிமையாளரின் கணக்கில் மே மாதத்தில் ‘மீன் ஏலம்’ என்று வந்த வரவைப் பார்த்து நாங்கள் அலறினோம். தடைக்காலத்தில் அவர் விசைப்படகுக்கு ஏது மீன்? மென்பொருள் அந்த வரவுக்குப் பச்சை போட்டிருந்தது.

நல்ல பணமும் கெட்ட பணமும் ஒரே கணக்கில் கலந்திருந்தால் எது செலவானது, எது மிச்சம் என்பதற்கு முதலில் வந்தது முதலில் போனது என்ற முறையை மென்பொருள் தானாகவே எடுத்துக்கொள்கிறது. வேறு முறைகளும் உண்டு, மெனுவில் ஆழத்தில் இருக்கின்றன. எதை எடுத்தோம் என்று அறிக்கையில் எழுதுவதில்லை. நீங்களே எழுதுங்கள், இல்லாவிட்டால் குறுக்கு விசாரணையில் கேட்பார்கள்.

இனி எந்த மென்பொருளும் தொடாத பகுதி. குமரி மாவட்டத்தில் பணத்தை ஒளிக்க ஆகச் சுலபமான இடம் ஒற்றி. ஐந்து லட்சமோ எட்டு லட்சமோ மொத்தமாகக் கொடுத்து ஒரு வீட்டை ஒற்றிக்கு எடுப்பார்கள், வாடகை கிடையாது, தவணை முடிந்ததும் முழுப் பணமும் திரும்பி வரும். சட்டப்படி பதிவு செய்ய வேண்டியதுதான், ஆனால் முத்திரைத்தாளில் எழுதி இரண்டு சாட்சிக் கையெழுத்தோடு முடித்துக்கொள்வதே வழக்கம். வில்லங்கத்தில் வராது. ஓடிப்போனவர் ஆறு வீடுகளை ஒற்றிக்கு எடுத்து உறவுக்காரர்களைக் குடிவைத்திருந்தால், எட்டு லட்சக் கணக்கில் அது கிட்டத்தட்ட அரைக் கோடி. அந்தத் தொகை அவருக்கு வர வேண்டிய கடன், முடக்கச் சொல்லிக் கேட்கலாம். ஆனால் வீடு வீடாகப் போய் “வாடகைக்கா, ஒற்றிக்கா?” என்று கேட்டால்தான் தெரியும்.

நிலத்தை ஆள் பெயரை வைத்துத் தேடுவதும் அப்படித்தான். வில்லங்கச் சான்று சர்வே எண்ணை வைத்து வருவது. 1908-ஆம் வருடப் பதிவுச் சட்டத்தின்படி சார்பதிவாளர் அலுவலகத்தில் இரண்டு அட்டவணைகள் உண்டு, ஒன்றாம் எண் அட்டவணை ஆள் பெயருக்கு, இரண்டாம் எண் சொத்துக்கு. அந்த ஒன்றாம் எண்ணைத் தேடித் தரச் சொல்லி அதிகாரி மூலம் எழுதிக் கேட்பதுதான் வழி. எந்தெந்த சார்பதிவாளர் அலுவலகம் என்பதை மேலே சொன்ன சில்லறை வரிகள்தான் காட்டிக்கொடுக்கும்.

“இது எங்க பாட்டன் சொத்து” என்று சொல்லிவிட்டால் இன்னொரு கூத்து. 1956 நவம்பர் 1-க்கு முன் இந்தப் பகுதி திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. பழைய பத்திரங்கள் மலையாளத்தில், கொல்லம் ஆண்டு என்ற மலையாள ஆண்டுக் கணக்கில் இருக்கும். 1115 மேடம் மாதம் என்று எழுதியிருந்தால் அது 1940 ஏப்ரல், மே. தக்கலையில் ஒரு ஆவண எழுத்தர் அண்ணாச்சி இருக்கிறார், பூதக்கண்ணாடி வைத்துப் படித்துச் சொல்வார். ஒருமுறை தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “பிள்ளே, தாளு பழசு, எழுத்தும் பழசு. நாலு எல்லை சொல்லியிருக்குல்லா, அது இவனுக்க வெளை இல்ல, ஆத்துக்கு அந்தப் பக்கம்” என்றார். வேறொரு விளையின் (தோட்ட நிலத்தின்) பத்திரத்தைக் கொண்டுவந்து காட்டியிருக்கிறார்கள். அண்ணாச்சிக்கு ஆண்டுச் சந்தா கிடையாது, கொடுத்ததை வாங்கிக்கொள்வார்.

மென்பொருளின் சந்தாவோ, ஒரு கணினிக்கு ஒரு வருடத்துக்கு, நல்ல லேப்டாப் ஒன்று வாங்கும் பணம். இரண்டாவது டாங்கிளுக்குத் தள்ளுபடி உண்டு, கேட்டால்தான் தருவார்கள். உதவி மையம் ஆங்கிலத்திலும் இந்தியிலும் பேசுகிறது. பொறுமையாகத்தான் கேட்கிறார்கள், ஆனால் “கூட்டுறவுச் சங்கத்து பாஸ்புக் ஜெராக்ஸ்” என்றால் அது என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. அந்த பாஸ்புக்கையும், பழைய டாட் மேட்ரிக்ஸ் அச்சையும் மென்பொருளுக்குப் படிக்கத் தெரியவில்லை, 3 எல்லாம் 8 ஆகிறது. கையால் தட்டச்சு செய்வதே வேகம். தமிழில் அறிக்கை வராது. படங்கள் அழகாக இருக்கின்றன. நாங்கள் அறிக்கை கொடுத்த இடங்களில் எல்லாம் அட்டவணையைத்தான் புரட்டினார்கள், படத்தை ஒரு முறை பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார்கள்.

வாங்குவதாக இருந்தால்: பத்துப் பதினைந்து கணக்குகளுக்கு மேல் சேர்ந்து வரும் வழக்குகள் உங்களிடம் அடிக்கடி வருகிறதா, வாங்குங்கள், இருப்புச் சரிபார்ப்பும் ஜோடி சேர்ப்பும் பணத்துக்கு மேலேயே திருப்பித் தரும். வருடத்துக்கு ஒன்றிரண்டு வழக்கு என்றால் எக்செலே போதும், கணக்கு எண் நெடுவரிசையை மட்டும் முதலிலேயே எழுத்து வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். வாங்கிய அன்றே அமைப்புகளுக்குள் (செட்டிங்ஸ்) போய்க் குறைந்தபட்சத் தொகை என்ற இடத்தில் 10,000-ஐ அழித்துப் பூஜ்யம் போடுங்கள், பெயர் சேர்ப்பை அணையுங்கள். இலவசச் சோதனைப் பதிப்பில் இந்த இரண்டையும் மாற்ற விட மாட்டார்கள், அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். டெமோ காட்ட வருபவரிடம் முழுப் பதிப்பைத் திறக்கச் சொல்லி, பச்சை காட்டும் ஒரு கணக்கைப் பூஜ்யம் வைத்து ஓட்டச் சொல்லுங்கள்.